இடாப்பும் இணையத்தளமும்

எமது பாடசாலையின் இணையத்தளம் இவ்வாண்டு கோடை விடுமுறைக்குப் பின்னர் புதியதோர் ஒழுங்கில் வெளிவந்திருப்பதைப் பெற்றோர்கள் கவனித்திருப்பீர்கள். “என்ன மாஸ்டர், எல்லாத்தையும் இடம் மாத்திப் போட்டியள்?” என்று சனிக்கிழமைகளில் வாசலில் வைத்து எம்மைக் கேட்டவர்கள் பலர். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அவசரத்தில் அவர்களும், இரவல் வாங்கிய வகுப்பறைகளின் கதிரைகளை இருந்தபடியே அடுக்கிவைத்துத் திறப்பை ஒப்படைக்கும் அவசரத்தில் நாமும் இருந்தமையால், அவர்களுக்கு முழுமையான விடை கூற இயலவில்லை. ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, அந்த விடையையே எழுதித் தருவது பொருத்தமெனத் தோன்றியது.

இணையப் பக்கங்களை அடுக்கி வைப்பதும் ஒரு கட்டுரைக்குரிய பொருளோ எனச் சிலர் எண்ணக்கூடும். ஒரு பொருளை நாம் எங்கே வைக்கின்றோம் என்பதே, பிற்காலத்தில் அதனை யார் கண்டெடுப்பார் என்பதனைத் தீர்மானிக்கின்றது. இருந்தும் கண்டெடுக்க இயலாத பொருள் இல்லாத பொருளுக்கு ஒப்பானதே. இதனைச் சென்ற ஆறு மாதங்களில் நாம் கண்கூடாகக் கண்டோம்.

தளம் வளர்ந்த கதை

2012ஆம் ஆண்டில் எமது தளம் ஒரே ஒரு பக்கத்துடன் தொடங்கியது. வகுப்பு நடைபெறும் இடம், நேரம், தொடர்பு கொள்ளவேண்டிய தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றுமே அதில் இருந்தன. பின்னர் விழாப் படங்கள் வந்தன. போட்டி முடிவுகள் வந்தன. மாணவர் ஆக்கங்கள் வந்தன. 2020ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்புகள் கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தபோது, பயிற்சித் தாள்கள் வெள்ளம்போல் வந்து சேர்ந்தன. வேலை முடிந்து வீடு திரும்பி, மறுநாள் வகுப்புக்கு வேண்டியதை நள்ளிரவில் ஏற்றிவிட்டு உறங்கச் சென்ற ஆசிரியர்கள், அது எந்தத் தலைப்பின் கீழ் அமையவேண்டும் என்று ஆராய்ந்து கொண்டிருக்க இயலாது. பிள்ளைகளின் கல்வி ஒரு வாரமேனும் தடைப்படாதிருந்தமைக்கு அவர்களுக்கு நாம் நன்றியுடையோம்.

இவ்வாறாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொண்டர்கள் பலரின் கைபட்டு வளர்ந்த தளத்தில், நாம் எண்ணத் தொடங்கியபோது 140க்கும் மேற்பட்ட பக்கங்கள் இருந்தன. அவற்றுள் 31 பக்கங்களின் பெயர்கள் முதற்பக்கத் தலைப்புப் பட்டியலில் வரிசையாக நின்றன. கைத்தொலைபேசியில் திறப்பவர் விரலால் மூன்று தடவை தள்ளிய பின்னரே பட்டியலின் அடியைக் காணலாம். “புதிய பக்கம் 2”, “ஆண்டு விழா இறுதி”, “ஆண்டு விழா இறுதி திருத்தியது”, “படங்கள் மற்றது” என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. பெயரிட்டவருக்கு அவற்றின் பொருள் அன்று தெளிவாகவே இருந்திருக்கும்.

வைத்தியசாலையில் இரவுக் கடமை புரியும் தாய் ஒருவர், தம் மகனின் ஆறாம் வகுப்பு மாதிரி வினாத்தாளை இடைவேளையில் தேடிக் களைத்து, மறுநாட் காலையில் எம்மை அழைத்தார். “இணையத்தளத்தில் அது இல்லையோ?” என்பதே அவருடைய கேள்வி. அது இருந்தது. “கல்விக்குழு” என்னும் தலைப்பின் கீழ், “ஆவணங்கள்” என்னும் பக்கத்தின் கடைக்கோடியில் இருந்தது. வினாத்தாள்களைத் தயாரிப்பது கல்விக்குழு என்பது எமக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு அது ஏன் தெரிந்திருக்கவேண்டும்? அக்கேள்வியிலிருந்தே இவ்வேலை ஆரம்பமாயிற்று.

மேசைமேல் பரப்பிய அட்டைகள்

கணினியைத் தொடுவதற்கு முன்னர், ஒவ்வொரு பக்கத்தின் பொருளையும் ஒவ்வொரு சிறிய அட்டையில் எழுதினோம். ஒரு சனிக்கிழமை வகுப்புகள் முடிந்தபின் நான்கு மேசைகளை ஒன்று சேர்த்து அட்டைகளைப் பரப்பி, ஒன்றோடொன்று சேரவேண்டியவற்றைச் சேர்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டோம். இணையத்தளம் அமைப்பவர்கள் பல நாடுகளிலும் கையாளும் எளிய முறை இது. செலவு ஒரு கட்டு அட்டையே.

ஆசிரியர்கள் அரைமணி நேரத்தில் அடுக்கி முடித்தார்கள். நிர்வாகக்குழு, கல்விக்குழு, கலைக்குழு, விளையாட்டுக்குழு, பெற்றோர் சங்கம் என ஐந்து குவியல்கள் அமைந்தன. பார்க்க அழகாகவும் இருந்தது. அடுத்த கிழமை அதே அட்டைகளைக் கலைத்து, இரு தாய்மாரிடமும் ஏழாம் வகுப்பு மாணவர் மூவரிடமும் கொடுத்தோம். அவர்கள் கைகளில் குழுக்கள் யாவும் மறைந்துபோயின. “எங்கட வகுப்பு”, “சோதனை”, “விழா”, “எப்ப, எங்க” என்றவாறு வேறு குவியல்கள் தோன்றின. பண்ணிசைப் போட்டி முடிவுகளை ஆசிரியர்கள் கலைக்குழுவின் கீழ் வைத்திருந்தார்கள். மாணவி ஒருத்தி அதனைத் தயக்கமின்றி விழாவின் பக்கம் தள்ளினாள். பரிசு வாங்கியது விழா மேடையில் என்பது அவளுடைய நியாயம்.

வைத்திருப்பவரின் ஒழுங்கு ஒன்று. தேடி வருபவரின் ஒழுங்கு இன்னொன்று. தளம் தேடி வருபவருக்காகவே இருக்கின்றது என்றால் அவருடைய ஒழுங்கே முதன்மை பெறல் வேண்டும். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் அவர்கள் 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகள் ஐந்தனுள், வாசகரின் நேரத்தைப் பேணவேண்டும் என்பதும் ஒன்றாகும். கணித ஆசிரியராகத் தம் பணியைத் தொடங்கிய அப்பெருமகனார் நூல்களைப் பற்றிக் கூறிய அவ்விதி, கைத்தொலைபேசியில் வினாத்தாள் தேடும் தாய்க்கும் அப்படியே பொருந்துகின்றது.

எண்ணிலேயே திணை

தொகுத்து அடுக்கும் கலை எம்மினத்துக்குப் புதியதன்று. எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய அகநானூற்றை எடுத்துக்கொள்வோம். நானூறு பாடல்களும் களிற்றியானைநிரை, மணிமிடைபவளம், நித்திலக்கோவை என்னும் மூன்று பகுதிகளாக, முறையே 120, 180, 100 பாடல்களைக் கொண்டு அமைந்துள்ளன. அதற்கும் மேலாக இன்னோர் ஒழுங்கும் உள்ளே ஓடுகின்றது. ஒற்றைப்படை எண் பெற்ற பாடல் யாவும் பாலை. 2, 8 என முடியும் எண் குறிஞ்சி. 4 என முடிவது முல்லை. 6 என முடிவது மருதம். பத்து, இருபது எனச் சுழியத்தில் முடிவது நெய்தல். ஆகவே 156ஆம் பாடல் என்று ஒருவர் சொன்னவுடனே, ஏட்டைத் திறவாமலே அது மருதம் என்றும் மணிமிடைபவளத்தில் உள்ளதென்றும் கூறிவிடலாம்.

பிரிவைக் கொண்டும் தேடலாம். திணையைக் கொண்டும் தேடலாம். பாடலோ ஓரிடத்திலேயே இருக்கின்றது. இவ்வமைப்பை உயர்வகுப்பு மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அவர்கள் அடைந்த வியப்பு எமக்குப் பெருமகிழ்வைத் தந்தது. “இது கொம்பியூட்டர் செய்யிறது மாதிரி இருக்கு” என்றான் ஒருவன்.

திருக்குறளிலும் பால், அதிகாரம், குறள் என்னும் மூன்று படிகளில் 1330 குறள்களுள் வேண்டிய ஒன்றை அடைந்துவிடலாம். 140 பக்கங்களுக்கு நான்காவது படி எதற்கு? முதற்பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்தையும் மூன்று தடவை தொடுவதற்குள் அடையவேண்டும் என்பதனை எமது முதலாவது விதியாக வகுத்துக் கொண்டோம்.

தாய்ப் பக்கமும் சேய்ப் பக்கமும்

எமது தளம் வேர்ட்பிரஸ் என்னும் செயலியில் அமைந்தது. 2003ஆம் ஆண்டு முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியதாக அது இருந்து வருகின்றது. அதில் ஒரு பக்கத்தை எழுதும்போது, அதன் தாய்ப் பக்கம் எது என்று தெரிவு செய்யலாம். அவ்வாறு தெரிவு செய்தவுடன் அது தாயின் கீழ்ச் சேய்ப் பக்கமாகிவிடும். மேசையிலுள்ள கோப்புறைக்குள் ஒரு தாளை வைப்பதைப் போன்றதே இது. ஒரு பக்கத்துக்கு ஒரு தாயே இருக்கமுடியும்.

இங்கே ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். வேர்ட்பிரஸில் தாய்ப் பக்கத்தின் பெயர் சேயின் இணைய முகவரியிலும் சேர்ந்துகொள்ளும். தாயை மாற்றினால் முகவரியும் மாறிவிடும். ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற வேறு செயலிகளில் கோப்புறை என்பது தலைப்புப் பட்டியலில் விரியும் ஒரு பெயர் மாத்திரமே. உள்ளிருக்கும் பக்கத்தின் முகவரியில் அது இடம்பெறாது. எச்செயலியைப் பயன்படுத்துவோரும் இதனை முதலில் அறிந்த பின்னரே பக்கங்களை நகர்த்தத் தொடங்கல் நன்று.

தலைப்புப் பட்டியல் என்பதும் கோப்புறை என்பதும் வெவ்வேறானவை. ஆறாம் வகுப்பு மாதிரி வினாத்தாள் “பரீட்சை” என்னும் தாயின் கீழ் இருக்கின்றது. ஆயினும் “ஆறாம் வகுப்பு” என்னும் பக்கத்திலிருந்தும் அதற்கு ஓர் இணைப்பு உண்டு. உறைவிடம் ஒன்று, வாசல்கள் பல. ஒரே தாளைப் பிரதி செய்து இரண்டு இடங்களில் வைத்தால், அடுத்த ஆண்டு திருத்தம் செய்பவர் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவார். இரண்டனுள் எது சரியென்று பின்னர் யாராலும் கூறவியலாது.

இறுதியில் தலைப்புப் பட்டியலில் ஐந்து பெயர்களே நின்றன: வகுப்புகள், பரீட்சை, விழாக்கள், எமது ஊர்கள், பாடசாலை பற்றி. விழாக்கள் ஆண்டு வாரியாகப் பிரிக்கப்பட்டன. வகுப்புகளை ஆண்டு வாரியாகப் பிரிக்கலாகாது என்பதில் நாம் உறுதியாக இருந்தோம். பிள்ளை ஆண்டுதோறும் மேலே செல்கின்றது. மூன்றாம் வகுப்பு இருந்த இடத்திலேயே இருக்கின்றது. இவ்வாண்டு ஒரு குழந்தை படித்த ஆத்திசூடிப் பயிற்சித் தாளை அடுத்த ஆண்டு அதன் தங்கை படிப்பாள்.

சேர்விலக்கம்

முகவரி மாறுவதைப் பற்றிக் கூறினோம். அதனைச் சற்று விரித்துரைத்தல் அவசியம்.

தாயகத்தில் நாம் ஆசிரியராகக் கடமையாற்றிய பாடசாலையில், பிள்ளை முதன்முதலாக வந்து சேரும் நாளிலே சேர்வு இடாப்பில் பெயர் பதியப்பட்டு ஒரு சேர்விலக்கம் வழங்கப்படும். வகுப்பு மாறும். வரவு இடாப்பில் வரிசை மாறும். வீட்டு விலாசமும் மாறும். சேர்விலக்கம் மாத்திரம் மாறுவதில்லை. பிள்ளை விலகிச் செல்லும்போது கொடுக்கப்படும் விடுகைப் பத்திரத்திலும் அவ்விலக்கமே இருக்கும்.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது எமது பாடசாலையும் இடம்பெயர்ந்தது. மேசை கதிரைகளையும் கரும்பலகைகளையும் விட்டுச் சென்றோம். அதிபர் தமது துவிச்சக்கர வண்டியின் பின்புறத்தில் கட்டிக்கொண்டு சென்றவை சேர்வு இடாப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகமும் ஆகும். அடுத்த இடத்தில் மரநிழலில் வகுப்புகள் நடந்தன. அங்கும் பெற்றோர்கள் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார்கள். அதிபர் ஒரு பெட்டியின் மேல் இடாப்பை விரித்து வைத்து, இலக்கத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். எத்தனையோ இல்லாதுபோன அந்நாட்களில், “இந்தப் பிள்ளை இன்ன நாளில் பிறந்து, இன்ன வகுப்புவரை படித்தது” என்று கூற அந்த ஒரு புத்தகம் இருந்தது. 2009இல் அதுவும் இல்லாது போயிற்று. அதன் பின்னர், தாம் படித்ததை நிறுவுவதற்குச் சான்று தேடி அலைந்த மாணவர்களை நாம் அறிவோம். அவர்களுள் சிலர், தமக்குக் கற்பித்தவர் என்ற முறையில் எம்மிடம் கடிதம் கேட்டு இந்நாட்டுக்கும் எழுதியிருக்கின்றனர். எம்மிடம் நினைவு மாத்திரமே உண்டு. இலக்கம் இல்லை.

ஆகையால் ஒரு பக்கத்தின் முகவரியை நாம் அதன் சேர்விலக்கமாகவே கருதுகின்றோம். எவரோ ஒருவர் அம்முகவரியைக் குறித்து வைத்திருப்பார். தம் சகோதரிக்கு அனுப்பியிருப்பார். கடந்த ஆண்டு மலரில் அச்சிட்டிருப்போம். பக்கத்தை நகர்த்திவிட்டால் அவர் வந்து தட்டும்போது 404 என்னும் எண்ணுடன் “பக்கம் காணப்படவில்லை” என்ற அறிவிப்பே எதிர்கொள்ளும். பக்கம் அழியவில்லை, இரண்டு கதவுகள் தள்ளி இருக்கின்றது. வந்தவருக்கு அது தெரியாது.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு வழிப்படுத்தும் ஏற்பாடு அது. கணினி மொழியில் அதன் எண் 301. “நிரந்தரமாக இடம்மாறிவிட்டது” என்பது அதன் பொருள். நகர்த்திய ஒவ்வொரு பக்கத்துக்கும் பழைய முகவரி, புதிய முகவரி என இரு நிரல்களில் ஓர் இடாப்பு எழுதி, அதன்படி வழிகாட்டிகளை அமைத்தோம். முழு வேலையிலும் பொறுமையை அதிகம் வேண்டிநின்றது இதுவே. மூன்று வார இறுதிகள் இதற்கே சென்றன.

முகவரியை எந்த எழுத்தில் அமைப்பது என்னும் வினாவும் எழுந்தது. தமிழ்ப் பாடசாலையின் தளத்தில் முகவரியும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று வாதிட்டவர்களின் உணர்வு மதிக்கத்தக்கது. ஆனால், யுனிகோட் முறையில் தமிழ் முகவரியொன்றைப் பிரதி செய்து அனுப்பும்போது, பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது குறியீடுகளாக நீண்டுவிடுகின்றது. “தமிழ்” என்னும் மூன்றெழுத்துச் சொல்லில் விசிறியும் புள்ளியும் சேர்த்து ஐந்து எழுத்துக்குறிகள் உள. அனுப்பும்போது அது 45 குறியீடுகள் ஆகின்றது. வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 குறியீடுகளே இடமளிப்பதனால் நீண்ட தமிழ்த் தலைப்புகளின் முகவரி நடுவிலே அறுந்துபோகின்றது. எனவே கண்ணுக்குத் தெரியும் தலைப்புகள் யாவும் நல்ல தமிழிலும், முகவரிகள் குறுகிய ஆங்கில எழுத்திலும் இருக்கட்டும் என முடிவு செய்தோம். அங்கும் ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. எம் மொழியின் பெயரையே ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதுகின்றோம் அல்லவா? ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எழுத்துக்கூட்டலைத் தெரிந்து, அதனையும் இடாப்பில் பதிந்தோம்.

“பிற” என்னும் கோப்புறை

எந்த ஒழுங்கிலும் எதிலும் சேராதவை சில எஞ்சும். அவற்றை எல்லோரும் போடும் இடத்துக்கு “பிற” என்று பெயர். எமது பழைய தளத்திலும் அது இருந்தது. 23 பக்கங்கள் அதனுள் கிடந்தன. அங்கே என்ன இருந்தது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள். பேரப்பிள்ளையின் வேண்டுகோளுக்கிணங்க அம்மம்மா ஒருவர் பாடிப் பதிவு செய்த தாலாட்டு இருந்தது. இப்பாடசாலையின் தொடக்க காலத்தில் கற்பித்து, இன்று எம்மிடையே இல்லாத ஆசிரியை ஒருவர் கைப்பட எழுதிய எழுத்துப் பயிற்சிகள் இருந்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, இன்றைய கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றிய மாணவர் கட்டுரைகள் ஒன்பது இருந்தன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றிப் படித்தபோது, எல்லாமே பெற்றோரின் ஊர்களைப் பற்றியவை எனக் கண்டோம்.

“பிற” என்பது பயனற்றவை சேருமிடம் என்றே நாமும் எண்ணியிருந்தோம். முன்கூட்டியே வகுத்த தலைப்புகளுக்குள் அடங்காதவை சேருமிடம் அது. பரீட்சைக்கும் விழாவுக்கும் தலைப்பு இருந்தது. அம்மம்மாவின் தாலாட்டுக்கு இருக்கவில்லை. ஆகவே அதற்கென ஒரு தலைப்பை உண்டாக்கினோம். அதுவே “எமது ஊர்கள்”.

அக்கட்டுரைகளை எவ்வாறு அடுக்குவது? எழுதிய ஆண்டின்படியா, மாணவரின் வகுப்பின்படியா என்று ஆராய்ந்து, ஊரின்படி அடுக்கினோம். முதலில் மாவட்டம், அதன் கீழ் ஊர். அவ்வாறு வைத்தவுடன் நாம் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வெவ்வேறு ஆண்டுகளில், ஒருவரையொருவர் அறியாத மூன்று பிள்ளைகள் புங்குடுதீவைப் பற்றி எழுதியிருந்தார்கள். பழைய தளத்தில் அவை மூன்று மூலைகளில் கிடந்தன. இப்போது அருகருகே நின்றன. நன்னீர் அரிதான அத்தீவில், மாலையில் தண்ணீர் அள்ளப் பெண்கள் கூடும் ஒரு கிணற்றைப் பற்றி இருவர் எழுதியிருந்தனர். இரண்டையும் படித்த ஒரு பாட்டனார், அக்கிணறு ஒன்றே என்று எம்மிடம் கூறினார். அவ்விரு குடும்பங்களும் இங்கே ஒரே நகரில், வெவ்வேறு பேருந்துத் தடங்களில் இருபது ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. இப்போது அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகின்றார்கள்.

அக்கட்டுரைகளில் நாம் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. இடத்தை மாத்திரமே மாற்றினோம்.

மறைப்பதும் பூட்டுவதும்

பெற்றோர்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு விடயத்தை இங்கே குறிப்பிடுதல் எம் கடமை. தந்தை ஒருவர், தம் மகளின் படம் தளத்தில் வேண்டாம் என்று எம்மிடம் தனியே கூறினார். காரணம் கேட்கவில்லை, அகதியாக வந்தவருக்கு அகதி ஒருவர் அதனைக் கூறவேண்டியதும் இல்லை. தலைப்புப் பட்டியலிலிருந்து அப்பக்கத்தை எடுத்துவிட்டால் போதும் என்பதே பலரின் கருத்து.

அது போதாது. பட்டியலில் இல்லாத பக்கம் மறைந்திருக்கின்றதேயன்றிப் பூட்டப்படவில்லை. முகவரி தெரிந்தவர் திறக்கலாம். தேடுபொறி முன்னரே கண்டிருந்தால் அது வழிகாட்டியும் விடும். பக்கத்துக்குக் கடவுச்சொல் இட்டாலும், வேர்ட்பிரஸில் படங்கள் பக்கத்துக்குள் இருப்பதில்லை. ஏற்றிய ஆண்டு, மாதம் எனப் பெயரிட்ட தனிக் கோப்புறைகளில் அவை சேர்கின்றன. படத்தின் சொந்த முகவரியை அறிந்தவருக்குப் பக்கத்தின் கடவுச்சொல் ஒரு தடையன்று.

ஆதலால் பிள்ளைகளின் முகங்கள் தெளிவாகத் தெரியும் படங்களைத் தளத்திலிருந்தே நீக்கினோம். அவை இப்போது வேறோரிடத்தில், பெற்றோரின் மின்னஞ்சல் முகவரிக்கு மாத்திரம் திறக்கும் கோப்புறையில் உள்ளன. பொதுப் பக்கங்களில் மேடையின் தூரக் காட்சிகளும், கோலங்களும், பிள்ளைகள் வரைந்த ஓவியங்களும் இடம்பெறுகின்றன. விழாப் பக்கங்கள் முன்னைப்போல் கவர்ச்சியாக இல்லை என்று குறைப்பட்டவர்களுக்கு இதுவே எமது விடை.

ஒப்படைப்பு

இத்தளத்தை நாம் என்றென்றும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. தொண்டர்கள் மாறுவார்கள், மாறவும் வேண்டும். எனவே முழு ஒழுங்கையும் ஒரே தாளில் வரைந்து, பாடசாலையின் ஆவணப் பெட்டியில் வரவு இடாப்புகளோடு வைத்திருக்கின்றோம். புதிதாக ஒரு பக்கம் எழுதுபவர், அதற்கு முன்னர் அத்தாளில் அதன் இடத்தைக் குறித்தல் வேண்டும். இடம் அகப்படாவிடின் “பிற” என்று போடாமல், சக ஆசிரியர் ஒருவரோடு ஆலோசித்தல் வேண்டும். எந்தப் பக்கத்தையும் தனியொருவர் அழித்தலாகாது. அழித்த பக்கம் வேர்ட்பிரஸின் குப்பைக்கூடையில் வழமையாக 30 நாட்களே கிடக்கும். அதன் பின்னர் மீட்பது கடினம்.

பக்கங்கள் மாத்திரமன்றி, அவை குடியிருக்கும் இடமே மூடப்படுவதும் உண்டு. 1990களில் உலகெங்கும் பலர் தம் முதலாவது இணையப் பக்கத்தை அமைத்தது ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளத்திலாகும். பக்கங்களைப் பொருளுக்கேற்ப அயல்களாகப் பிரித்து, வீட்டிலக்கம் போல் இலக்கமிட்டுத் தந்த தளம் அது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அது மூடப்பட்டது. 1996இல் தோற்றுவிக்கப்பட்ட இன்ரநெற் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகள் முயன்று ஒரு பகுதியைக் காத்தன. எத்துணை நல்ல ஒழுங்காயினும் அதன் பிரதியொன்று வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பதற்கு அது சான்று. எனவே மாதந்தோறும் எமது தளத்தின் முழுப் பிரதியையும் எடுத்து, இருவர் வீடுகளில் தனித்தனியே வைத்துவருகின்றோம். ஒரே ஒரு இடாப்பை நம்பியிருத்தல் எத்தகையது என்பதை நாம் அறிவோம்.

இப்பணியில் அட்டை எழுதியதிலிருந்து வழிகாட்டி அமைத்ததுவரை உடனுழைத்த ஆசிரியர்களுக்கும், “எங்கட வகுப்பு” என்று எமக்குப் பாடம் சொன்ன மாணவர்களுக்கும், வினாத்தாள் தேடி அழைத்த அந்தத் தாய்க்கும் எமது மனமார்ந்த நன்றிகள். எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர் இருவர் அடுத்த ஆண்டு முதல் இவ்வேலையைப் பழக முன்வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். “எமது ஊர்கள்” பகுதியில் இன்றுவரை 19 ஊர்களே இடம்பெற்றுள்ளன. எமது பாடசாலையில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் அதனிலும் பல மடங்கு ஊர்களிலிருந்து வந்தவர்கள். உங்கள் பிள்ளை உங்களிடம் கேட்டு எழுதும் ஒரு பக்கம் போதுமானது. பாட்டன் பாட்டியரின் குரற்பதிவு இருந்தால் அதனையும் தந்துதவுங்கள். எங்கே வைப்பது என்று நீங்கள் எண்ணவேண்டியதில்லை. அவற்றுக்கு இப்போது இடம் இருக்கின்றது.